கெண்டைச்சதைப் பிடிப்பும் இரண்டு சரக்கு மருந்தும்

நடுராத்திரியில் காலை நீட்டிய மறுகணம் கெண்டைச்சதை கல்லாக இறுகி உயிர்போகிற வலி. ஜப்பானில் இதை ‘கொமுரகாயெரி’ என்பார்கள். இதற்கு அங்கே மருத்துவர்கள் அடிக்கடி எழுதித் தருவது ‘ஷாகுயாகு கன்சோ தோ’ என்ற கம்போ மருந்து, அதாவது ஜப்பானிய மரபு மருந்து. ட்ஸுமுரா நிறுவனத்தின் பொட்டலத்தில் 68 என்ற எண் இருக்கும். அரசு மருத்துவக் காப்பீட்டில் கிடைக்கிறது, மருந்துக்கடையில் சீட்டில்லாமலும் வாங்கலாம்.

இதில் சரக்கு இரண்டுதான்: பியோனி வேர், நம் நாட்டுமருந்துக் கடைகளிலும் கிடைக்கும் அதிமதுரம். பலருக்குச் சில நிமிடங்களிலேயே பிடிப்பு விட்டுவிடுகிறது. இவ்வளவு சீக்கிரம் கேட்கிற மருந்தை விட மனம் வருமா? இன்றைக்கும் இழுத்துவிடுமோ என்ற பயத்தில் தினமும் படுக்கும் முன் ஒரு பொட்டலம் என்று மாதக்கணக்கில் ஓடிவிடும். ஆனால் சிகிச்சைக்குத் தேவையான மிகக் குறைந்த காலத்துக்கே தர வேண்டும் என்று மருந்துக் குறிப்பே சொல்கிறது.

காரணம் அதிமதுரத்தின் அளவு. சளிக்குத் தரும் ‘கக்கோன்தோ’வில் ஒரு நாளைக்கு 2 கிராம் என்றால், இதன் முழு அளவில் 6 கிராம். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் உடம்பில் மாற்றமடைந்து, சிறுநீரகத்தில் கார்டிசோலை அடக்கிவைக்கும் நொதியைத் தடுக்கிறது. அதனால் உப்பும் நீரும் தங்கிவிடும், பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், கைகால் சோர்ந்துபோகும். கொடுமை என்னவென்றால், பொட்டாசியம் குறைந்தாலும் தசை பிடித்து இழுக்கும். பழைய வலிதான் முற்றிவிட்டது என்று நினைத்து நோயாளி இன்னொரு பொட்டலத்தைப் பிரிப்பார். பொட்டாசியக் குறைவு முற்றினால் தசை சிதையும், இதயத் துடிப்பு தடம்புரளும்.

முதியவர்களும், ஃபுரோசமைடு போன்ற நீர்மாத்திரை எடுப்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பொட்டாசியம் ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு இந்த மருந்து கூடவே கூடாது. வேறு கம்போ மருந்திலும் அதிமதுரம் இருக்கலாம் என்பதால், ‘ஒகுசுரி தெச்சோ’ என்ற மருந்துக் குறிப்பேட்டை ஒவ்வொரு முறையும் மருந்தாளரிடம் நீட்டுங்கள். எத்தனை நாள் எடுக்கலாம், பொட்டாசியத்தை எப்போது பரிசோதிக்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சோர்வோ வீக்கமோ தெரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பாதிப்பு வந்துவிட்டால் ஜப்பானில் ஒரு வழி உண்டு. தாலிடோமைடு, ஸ்மான் என்ற மருந்துப் பாதிப்புத் துயரங்களுக்குப் பிறகு 1980இல் நடைமுறைக்கு வந்த மருந்துப் பக்கவிளைவு நிவாரணத் திட்டம் கம்போவுக்கும் பொருந்தும். மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய அளவு பாதிப்பு இருந்தால் மருத்துவச் செலவு கோரலாம், ஊனத்துக்கும் மரணத்துக்கும்கூட உதவி உண்டு. மனுவை நோயாளியோ குடும்பத்தாரோதான் போட வேண்டும். மருத்துவரின் சான்று தேவை. கடையில் வாங்கிய மருந்தென்றால் கடைக்காரர் தரும் விற்பனைச் சான்றும் தேவை. சொன்ன அளவுக்கு மேல் தாமாக எடுத்திருந்தால் நிவாரணம் மறுக்கப்படலாம். வெளிநாட்டிலிருந்து தனியாக வரவழைத்த மருந்துக்கு இந்தத் திட்டம் கிடையாது.