மலைவாசல் – 9: லத்தீன் பேராசிரியரின் குழாய்

போன வாரம் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரீனோ நகரிலிருந்து 431-ம் எண் சாலையில் ஏறி, மவுன்ட் ரோஸ் கணவாயில் வண்டியை நிறுத்தினோம். உயரம் 8,911 அடி. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இவ்வளவு போதும்.

இந்த வாரம் குதிரைப் பாதைகள் என்று சொல்லியிருந்தேன். ஆனால் இந்த மலையின் பழைய கதையில் ஒரு குழாய் வருகிறது. அதைச் சொல்லாமல் சேணத்தில் கால் வைக்க மனம் வரவில்லை.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். கோடையில் இங்கிருந்து மவுன்ட் ரோஸ் உச்சிக்கு ஒரு வழி ஏறத்தாழ 5 மைல் நடை. பாதி வழியில் கலீனா அருவி. உச்சி 10,785 அடி. தாஹோ ஏரியைச் சுற்றிவரும் 165 மைல் நெடும்பாதையும் இந்தப் பக்கமாகத்தான் போகிறது. அதில் நடப்பவர்களும் உண்டு, குதிரையில் வருபவர்களும் உண்டு. கணவாய்க்குத் தெற்கே தாஹோ புல்வெளியிலிருந்து போகும் பகுதியில் சைக்கிளுக்கு இரட்டைப்படைத் தேதிகளில் மட்டுமே அனுமதி. உச்சிப் பக்கமோ 1989 முதல் சட்டப் பாதுகாப்பு பெற்ற வனம். அங்கே குதிரை போகலாம், சைக்கிள் போகக்கூடாது.

குளிர்காலத்தில் தாஹோ புல்வெளி முழுக்க வெள்ளை. சறுக்குப் பலகையோடு பிள்ளைகள், ஸ்கீ கட்டியவர்கள், ஸ்னோஷூ மாட்டியவர்கள் என்று ஒரே கூட்டம். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பனி எத்தனை அடி? இதே மலையில் ஒருவர் வேறு கேள்வி கேட்டார்: இதில் தண்ணீர் எவ்வளவு?

அவர் ஜேம்ஸ் எட்வர்ட் சர்ச். 1869-ல் பிறந்தவர். நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் கற்பித்தவர். நீரியலோ பொறியியலோ அவர் துறை அல்ல. 1895-ல் கடும் குளிரில் மவுன்ட் ரோஸ் உச்சிக்கு ஏறினார். அந்த ஏற்றம் அவரை விடவில்லை. 1906-ல் உச்சியிலேயே ஒரு வானிலை நிலையம் அமைத்தார். கருவிகளைப் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் அடுப்பருகே ஒதுங்கும் மாதங்களில் அவர் மலையேறிக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒன்று பிடிபட்டது. பனியின் ஆழத்தை நம்ப முடியாது. புதிதாய் விழுந்த 10 அங்குலப் பனியை உருக்கினால் கிடைப்பது சுமார் 1 அங்குலத் தண்ணீர். வசந்தத்தின் கடைசியில் இறுகிப்போன அதே 10 அங்குலம் 4, 5 அங்குலம்கூடத் தரும். அதனால் பனியை அளந்தால் போதாது, நிறுக்க வேண்டும். அதற்காகச் சர்ச் உருவாக்கியதுதான் மவுன்ட் ரோஸ் குழாய். நீண்ட உலோகக் குழாய், அடியில் பற்கள். பனிக்குள் தரை தட்டும்வரை இறக்கித் திருகி எடுத்தால், குழாய்ப்புட்டு மாதிரி பனி உள்ளேயே நிற்கும். குழாயோடு தராசில் மாட்டி, வெறும் குழாயின் எடையைக் கழித்துவிட்டால் வேலை முடிந்தது.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத கணக்கு இதுதான். அந்தக் குழாயின் வழிவந்து, இன்று அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் குழாயின் உள்விட்டம் 1.485 அங்குலம். ஏன் அந்த அளவு? அதற்குள் 1 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், எடை சரியாக 1 அவுன்ஸ். தராசு 20 அவுன்ஸ் காட்டினால் காலடியில் 20 அங்குலத் தண்ணீர் பனியாக நிற்கிறது. விரல் விறைக்கும் காற்றில் பென்சில் வேண்டாம், பெருக்கல் வேண்டாம். கணக்கையெல்லாம் குழாயின் விட்டமே முன்கூட்டிப் போட்டு வைத்திருக்கிறது!

அடுத்த யோசனை இன்னும் நுட்பமானது. மலை முழுவதையும் நிறுக்க முடியாது. ஆண்டுதோறும் அதே சில இடங்களில் நிறுத்து, வழக்கமான அளவில் எத்தனை சதவீதம் என்று பார்த்தால், வரப்போகும் வெள்ளத்தையும் ஏறக்குறைய அந்தச் சதவீதத்தில் கணிக்கலாம் என்றார் சர்ச். அப்போது தாஹோ ஏரி அணையின் மதகுகளை எப்போது திறப்பது என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. ஏரி உயர்ந்தால் கரை அரிக்கும் என்று கரைவாசிகள் அஞ்சினார்கள். நீரைத் தேக்கி வைத்தால்தான் ஆகும் என்றார்கள் மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் நம்பியிருந்த கீழ்ப்பகுதிக்காரர்கள். ஏரி எவ்வளவு உயரும் என்பதை 1911-ல் பனியை நிறுத்தே சர்ச் முன்கூட்டிச் சொன்னார். சண்டைக்கு நடுவே நம்பத்தக்க ஓர் எண் வந்தது. அந்த முறை மேற்கு மாநிலங்கள் எங்கும் பரவியது. பனி அளக்க அவர் இமயமலைக்கும் வந்து போனார். 1959-ல் மறைந்தார்.

இன்று தானியங்கி நிலையங்களும் உண்டு. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்க வேளாண் துறை மலைகளில் நிறுவத் தொடங்கியது. உறையாத திரவம் நிரப்பிய பெரிய தலையணை மேல் பனி விழுந்து அழுத்தும். அழுத்தத்திலிருந்து எடை தெரியும். அதைத் தொலைபேசிக் கம்பி இல்லாத மலையிலிருந்து எப்படி அனுப்புவது? மணல் துகள் அளவு விண்கற்கள் இரவு பகலாக மேல்வானில் எரிந்துகொண்டே இருக்கின்றன. எரிந்த தடத்தில் வானொலி அலை பட்டுத் திரும்பும். அந்தக் கண நேரத்துக்காகக் காத்திருந்து, பல ஆண்டுகள் பனிக்கணக்கை அனுப்பினார்கள். இப்போது அந்த வேலை செல்பேசிக்கும் செயற்கைக்கோளுக்கும் போய்விட்டது.

இது பொழுதுபோக்குக் கணக்கு அல்ல. 2015 ஏப்ரல் 1 அன்று, தாஹோவுக்குத் தெற்கே பிலிப்ஸ் என்ற இடத்தில் வழக்கம்போல் பனி அளக்கப் போனார்கள். குழாயை இறக்கப் பனியே இல்லை, வெறும் புல். கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அந்தப் புல்மேல் நின்று, நகரங்களின் தண்ணீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்க உத்தரவிட்டார். மாநிலத்தின் பனியில் இருந்த நீர் வழக்கமான அளவில் வெறும் 5 சதவீதம்.

மவுன்ட் ரோஸ் விளையாட்டுத் திடல் மட்டுமல்ல, ஒரு நகரத்தின் தண்ணீர்த் தொட்டியும்கூட. இந்தப் பக்கத்து மலைப்பனி உருகி, ட்ரக்கி ஆற்றில் சேர்ந்து, ரீனோவுக்குக் குடிநீராகி, மீந்தது பிரமிடு ஏரியில் முடிகிறது. கடலுக்கு ஒரு சொட்டும் போவதில்லை.

அங்கே போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்காலம் என்றால் கிளம்புமுன் சியரா பனிச்சரிவு மையத்தின் அன்றைய எச்சரிக்கையைப் படியுங்கள். பனி நிலையத்தின் அறிக்கையில் ஆழம், நீர் என இரண்டு எண்கள் இருக்கும். பிள்ளைகளுக்கு இரண்டாவதையும் படித்துக் காட்டுங்கள். குதிரைகள் அடுத்த வாரம்.