தேக்காவிலிருந்து ஏழாவது நிலையத்தில் ஒரு மலை

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு மௌனம் என்றால் பயம். இரண்டு பாடல்களுக்கு நடுவே மூன்று விநாடி சத்தமில்லாமல் போனாலே நெஞ்சு படபடக்கும். அந்த மூன்று விநாடியை நிரப்புவதுதான் பல ஆண்டுகளாக என் பிழைப்பு. அப்படிப்பட்ட நான் சனிக்கிழமை காலையில் காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் காட்டுக்குள் ஓடுகிறேன் என்றால் என் சக அறிவிப்பாளர்களே நம்புவதில்லை.

தொடங்கி வைத்தது ஒரு ரத்தப் பரிசோதனை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, “நீரிழிவு இன்னும் வரவில்லை. ஆனால், வாசலில் நிற்கிறது,” என்றார். எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. காலில் உணர்ச்சி குறைந்துபோயிருந்ததால் செருப்புக்குள் சிக்கிய சிறு கல் குத்திக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மாதான் புண்ணைப் பார்த்தார். அந்தப் புண் பெருவிரலைக் கொண்டுபோனது. அப்போது நான் தொடக்கக்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். 2016ல் நீரிழிவுக்கு எதிரான போரைச் சிங்கப்பூர் அறிவித்தபோது, அதுபற்றி நேயர்களுக்கு நிறைய அறிவுரை சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்ததும் கீழே போய் இரண்டு பரோட்டாவும் சர்க்கரை தூக்கலாக ஒரு தே தாரிக்கும்!

உடற்பயிற்சிக்கூடத்தின் ஓடுபொறி எனக்கு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. “டிரெயில் ரன்னிங் போயேன்” என்றார் தோழி ஒருவர். காட்டுப்பாதை ஓட்டம். யூடியூபில் தேடினால் மத்தியதரைக் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில் ஆடு மாதிரி தாவி ஓடுகிறார்கள். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றையும் தொட்டு மோன் பிளாங்க் மலையைச் சுற்றும் பந்தயம் ஒன்று 2003 முதல் நடக்கிறது. தூரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். நம் தீவின் ஆக உயரமான இயற்கைக் குன்றான புக்கித் தீமாவின் உயரம் 163.63 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து அதை 61 முறை ஏறினால்தான் அந்தக் கணக்கு வரும்.

ஆனாலும் நமக்கு ஒரு வசதி உண்டு. லிட்டில் இந்தியாவில் டவுன்டவுன் தடத்தில் ஏறினால் ஏழாவது நிலையம் பியூட்டி வோர்ல்ட். அங்கிருந்து பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் மலையடிவாரம். சிராங்கூன் சாலையில் பூக்கடைக்காரர் மாலை கட்டத் தொடங்கும் நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பினால், வாயில் திறக்கும் ஏழு மணிக்கு நாம் அங்கே இருக்கலாம்.

புக்கித் தீமா என்றால் மலாயில் வெள்ளீயக் குன்று என்று பொருள். ஆனால், இங்கே வெட்டி எடுத்தது கருங்கல். அந்தக் கற்சுரங்கங்களில் ஒன்றான ஹிண்ட்ஹீட், இன்று பச்சை நிற நீர் தேங்கிய குளமாக அடிவாரத்திலேயே இருக்கிறது. 1883லேயே இந்தக் காடு பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. உச்சிக்குத் தார்ச்சாலை உண்டு. அது நெட்டுக்குத்தாக ஏறும். பக்கத்தில் படிகளும் வேர் பின்னிய மண் பாதைகளும் பிரிந்து போகின்றன.

முதல் நாள் இரண்டாவது வளைவிலேயே எனக்கு மூச்சு முட்டியது. விடியலில் இங்கே ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். வியர்வை காயவே காயாது. என்னைக் கடந்துபோன அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு சீன மாது, “ஏற்றத்தில் நட, சமதளத்தில் ஓடு,” என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய பந்தய வீரர்களும் செங்குத்தான ஏற்றத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அடுத்த பாடத்தைக் கொஞ்சம் விலை கொடுத்துக் கற்றேன். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிய பாதை ஏறத்தாழ 11 கிலோமீட்டர். அன்று முதல் நாள் இரவு மழை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, மறுநாள் ஒலிபரப்ப வேண்டிய ஒரு நேர்காணலைக் கேட்டுக்கொண்டே ஓடினேன். கவனம் முழுக்க எதை வெட்டுவது, எதை வைப்பது என்பதில். ஈர வேர் ஒன்று காலை வாரியது. கணுக்கால் மடங்கியது. முன்பின் தெரியாத ஒரு தம்பதியர் கட்டுப்போட்டு, ஒரு மணி நேரம் என்னைத் தாங்கிப் பிடித்துச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள்.

வீட்டில் அம்மா வீங்கிய காலைப் பார்த்தார். “அப்பா கால நான் பாத்தது போதாதா? இப்ப நீயும் காலோட வந்து நிக்கிறே,” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால், அன்றிரவு வலியில் தூங்காமல் கிடந்தபோது ஒன்று தோன்றியது. எனக்கு வலித்தது. அப்பாவுக்கு வலிக்கவில்லை. அதுதான் அவருக்குக் கேடாக முடிந்தது.

ஆறு வாரம் கழித்துத் திரும்பிப் போனபோது காதுக் கருவியை வீட்டில் வைத்துவிட்டேன். வேர், சரளை, சேறு, படி என்று பாதம் சொல்வதைக் கேட்டால்தான் இந்த ஓட்டம் ஓட முடியும். கண் மூன்று அடி முன்னால் இருக்க வேண்டும். இறக்கத்தில் எட்டி வைக்காமல் குட்டிக் குட்டி அடியாக வைக்க வேண்டும். மௌனம் என்று நான் பயந்த இடத்திலும் சத்தம் நிறைய இருந்தது. துடுப்புவால் கரிச்சான் என்று ஒரு கறுப்புப் பறவை, வாலில் இரண்டு நீண்ட கம்பி தொங்கும். மற்ற பறவைகளின் குரலை அப்படியே பேசிக் காட்டும். பல குரல் மன்னன்! எங்கள் நிலையத்தில் உடனே வேலை கிடைக்கும்.

காட்டுக்கும் வலிக்கும். ஆண்டுக்கணக்கில் நம் கால்கள் மிதித்து அரித்த பாதைகளையும் சரிவுகளையும் சீர்ப்படுத்த, புக்கித் தீமா வனத்தின் பெரும்பகுதி 2014 செப்டம்பரிலிருந்து மூடப்பட்டு, 2016 அக்டோபரில்தான் முழுமையாகத் திறந்தது. 1980களில் வந்த விரைவுச்சாலை இந்தக் காட்டை மத்திய நீர்ப்பிடிப்பு வனத்திலிருந்து துண்டித்துவிட்டது. எறும்புத்தின்னி போன்ற விலங்குகள் கடந்துபோக 2013ல் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் மரங்கள் நட்ட பாலம் ஒன்று கட்டினார்கள். அதில் மனிதர்களுக்கு அனுமதி இல்லை. அதனால் குறுக்கு வழி தேடாமல் குறிக்கப்பட்ட பாதையிலேயே ஓடுங்கள். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டாலே அவை பின்னால் வந்துவிடும்.

புதிதாகத் தொடங்குவோருக்கு என் அனுபவத்தில் சில வார்த்தை: பிடிமானம் உள்ள காலணி, ஒரு லிட்டர் தண்ணீர், முழு மின்னூட்டத்தில் கைப்பேசி. முதல் சில மாதம் தனியாகப் போக வேண்டாம். இடி முழங்கினால் திரும்பிவிடுங்கள். மலை அங்கேயேதான் இருக்கும். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, ஓடி முடித்ததும் பாதத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மலை வேண்டாம் என்றால், தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் பக்கம் வரை 24 கிலோமீட்டர் நீளும் பழைய ரயில் பாதை இருக்கிறது. பெரும்பாலும் சமதளம்.

அம்மாவைப் போன மாதம் அங்கேதான் அழைத்துப் போனேன். மீட்டெடுக்கப்பட்ட புக்கித் தீமா ரயில் நிலையத்தின் அருகே, அந்தக் கறுப்பு இரும்புப் பாலத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சிகாமட்டில் இருந்த சித்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இந்தப் பாலத்தில்தான் ரயில் தடதடக்குமாம். தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதி புறப்பட்டது. அன்று நானே நிகழ்ச்சியில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அன்று ஓடவில்லை. இருவரும் நான்கு கிலோமீட்டர் நடந்தோம். அம்மா பேசிக்கொண்டே வந்தார். நான் குறுக்கே பேசவில்லை. என் பரிசோதனை எண் இறங்கியிருக்கிறது; ஆனாலும் எல்லைக்கோட்டுக்கு அருகில்தான். மருத்துவர் விடாமல் தொடரச் சொல்கிறார்.

வீட்டுக்கு வந்து அம்மா காலைக் கழுவும்போதுதான் கவனித்தேன், அவ்வளவு தூரமும் சாதாரணச் செருப்பில் நடந்திருக்கிறார். உட்காரவைத்து இரண்டு பாதத்தையும் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. “கூச்சமா இருக்கு, விடுடி,” என்று காலை இழுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமைக்குள் முஸ்தஃபாவில் அவருக்கு ஒரு நல்ல காலணி வாங்க வேண்டும்.