வலிக்கு முந்தைய நாளே தொடங்கிவிடும் ஒற்றைத் தலைவலி

கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளரின் கண்முன் அவ்வப்போது ஓர் ஒளிக்கோடு தோன்றும். கோட்டை மதில்போல் மடிந்து மடிந்து மின்னும் அந்தக் கோடு, பார்வையின் நடுவே சிறிதாகப் பிறந்து, ஓரத்தை நோக்கி விரிந்து மறைந்துவிடும். அதை அவர் நேரம் குறித்துத் தாளில் வரைந்துவைத்தார். மூளையின் பின்பக்கத்தில், பார்வைக்குரிய பகுதியில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஏதோ ஒன்று ஊர்கிறது என்று கணக்கிட்டு 1941இல் எழுதினார். 1944இல், பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடெஸ் லியாவோ, முயலின் மூளையில் வலிப்பு நோயை ஆராயும்போது, நரம்பணுக்களின் இயக்கத்தை அடக்கியபடி மெல்லப் பரவும் அலை ஒன்றைக் கண்டார். அதன் வேகமும் கிட்டத்தட்ட அதேதான்!

மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறிதான் அந்த ஒளிக்கோடு. மைக்ரேன் மூளை நரம்புகளின் நோய் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனாலும் பித்தம், சைனஸ், கண்ணாடி பவர் என்று காரணம் தேடியே பலர் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் வரும் நோய் இது. அவர்களுக்கு வீட்டில் கிடைக்கும் பதிலோ, “தலைவலிதானே, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்” என்பது. 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை விண்விண்ணென்று தெறிக்கும் வலி, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காத நிலை, மாடிப்படி ஏறினாலே கூடும் வேதனை. இதைப் போய் ‘தானே’ என்று சொல்வது நியாயமில்லை.

ஒளிக்கோடு எல்லோருக்கும் தெரிவதில்லை. ஆனால் வலிக்குச் சில மணி நேரம் முன்போ, முந்தைய நாளோ, காரணமில்லாத கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், இனிப்பின் மேல் திடீர் ஆசை ஆகியவை பலருக்கு வரும். ‘சாக்லேட் தின்றேன், தலை வலித்தது’ என்பவர்களில் சிலருக்கு, அந்த ஆசையே மைக்ரேன் தொடங்கிவிட்டதன் அடையாளமாக இருக்கலாம்.

வலியை உண்டாக்குவது முகத்துக்கும் மூளையுறைகளுக்கும் செல்லும் முக்கிளை நரம்பு. அது தூண்டப்படும்போது சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கு வெளியாகிறது. மைக்ரேன் தாக்கும்போது இரத்தத்தில் அது கூடுவதை பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் 1990இல் காட்டினார்கள். அதைத் தடுக்கும் முதல் ஊசி மருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவ்வகை மருந்துகள் விலை அதிகம். பழைய மருந்துகளான புரோபிரனலாலும் அமிட்ரிப்டிலினும் விலை குறைவு. தினமும் எடுத்தால் பலருக்குத் தாக்குதல்களைக் குறைக்கின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புரோபிரனலால் ஆகாது. எனவே மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

வலி மாத்திரையில்தான் பெரிய தவறு நடக்கிறது. தாக்குதலின்போது இரைப்பையின் இயக்கமே மந்தமாகிவிடுவதால், பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் விழுங்கும் மாத்திரை சரியாக வேலை செய்வதில்லை. வலியின் தொடக்கத்திலேயே, மருத்துவர் சொன்ன அளவில் எடுக்க வேண்டும். அதற்காக அடிக்கடி எடுக்கலாம் என்று பொருளில்லை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ, டிரிப்டான் வகை மைக்ரேன் மாத்திரையையோ கூட்டு மாத்திரைகளையோ 10 நாளோ என மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால், மாத்திரையே தினசரித் தலைவலியைக் கொண்டுவந்துவிடும். மெடிக்கலில் தாங்களாகவே வாங்கிப் போடுகிறவர்கள் பலர் இந்தச் சுழலில் சிக்கியிருப்பதை அறிவதே இல்லை.

வேளைக்குச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமையும் மாறாத தூக்க நேரம் இரண்டும் உண்மையாகவே உதவும். விரதமும், சிலருக்குத் தலைக்குக் குளிப்பதும்கூட வலியைத் தூண்டும்.

நொடியில் உச்சத்தைத் தொடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், 50 வயதுக்குப் பின் முதன்முறையாக வரும் தலைவலி ஆகியவற்றில் எதுவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றவர்கள் இன்றே காலண்டரில் குறிக்கத் தொடங்குங்கள்: எந்த நாள் வலித்தது, எந்த மாத்திரை, எத்தனை. மருத்துவரிடம் போகும்போது அந்தக் காலண்டரையும் எடுத்துச் செல்லுங்கள்.