ஏரியில் ஊறிய கை ஏன் வறண்டு வெடிக்கிறது?

கைக் கரப்பான் பெரும்பாலும் தண்ணீரில் வேலை செய்பவர்களைப் பிடிக்கும் நோய். பழவேற்காடு ஏரிக்கரையில் சுண்ணாம்புக்குளம் போன்ற மீனவ ஊர்களில் அதற்கு வேண்டிய எல்லாமே இருக்கின்றன. இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, உப்புநீரில் மெல்ல நகர்ந்தபடி சேற்றுக்குள் விரல்விட்டுத் துழாவுகிறார்கள். இறாலின் ரம்பக் கொம்பு விரல் நுனியைக் கீறுகிறது. மழைக்காலத்தில் ஏறக்குறைய நன்னீராகும் ஏரி, முகத்துவாரம் தூர்ந்த கோடையில் கடலைவிடவும் கரிக்கும். பகலெல்லாம் ஊறிய கை, கரையேறிய சற்று நேரத்தில் வறண்டு வெடிக்கிறது.

ஈரத்தைப் பிடித்து வைப்பது தோலின் மேலடுக்கிலுள்ள ஃபிலாக்ரின் என்ற புரதம். அது உடைந்து உண்டாகும் அமினோ அமிலங்களும் அவற்றிலிருந்து பிறக்கும் பொருள்களும், ஐப்பசி மழையில் அடுக்களை ஜாடி உப்பு கசிவதுபோல, ஈரத்தைத் தம்மிடம் இழுத்துக்கொள்கின்றன. செல்களுக்கு இடையிலுள்ள செராமைடு முதலான கொழுப்புகள் அந்த ஜாடிக்கு மூடி. நீரில் ஊற ஊற மூடி நெகிழும். காரச் சோப்பு அதன் விளிம்பை அரிக்கும். உள்ளிருக்கும் உப்பு கரைந்து வெளியேறும். ஆனால் இந்த ஜாடி தன் உப்பைத் தானே காய்ச்சிக்கொள்ளவும் செய்கிறது.

அது எப்போது காய்ச்சுகிறது என்பதுதான் அற்புதம். பிறந்த எலிக்குட்டிகளை நூறு சதவீத ஈரப்பதத்தில் வைத்துப் பார்த்த ஸ்காட், ஹார்டிங் ஆகியோரின் 1986 ஆய்வில், ஃபிலாக்ரின் உடையவே இல்லை. மேலடுக்கு ஓரளவு உலர்ந்தால்தான் அதை உடைக்கும் நொதிகள் வேலையைத் தொடங்கும். காற்றின் வறட்சியை உணர்ந்து, தேவைக்கேற்பத் தோல் தயாரிக்கிறது. இதை இறால் தடவும் கைக்குப் பொருத்தினால், பழைய இருப்பு கழுவுண்டு போகும் அதே நேரத்தில் புதிய தயாரிப்பும் நின்றிருக்க வேண்டும். வெறுங்கையோடுதான் தோல் கோடைக் காற்றைச் சந்திக்கிறது.

வரலாற்றில் இரண்டு ஆண்டுகள் போதும். மீன், இறால் புரதங்களே கைக் கரப்பானைத் தூண்டும் என்று டென்மார்க்கில் உணவு தயாரிப்போரை ஆராய்ந்தவர்கள் 1976இல் விளக்கினார்கள். ஃபிலாக்ரின் மரபணுக் கோளாறுக்கும் கரப்பானுக்கும் உள்ள தொடர்பை டண்டி பல்கலைக்கழகத்தின் மெக்லீன் குழு 2006இல் காட்டியது.

நிவாரணம் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு விலையுயர்ந்ததல்ல. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கையை அலசி, ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் மணம் சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவினால் மூடி திரும்பக் கிடைக்கும். உப்பை மட்டும் வெளியிலிருந்து முழுதாக ஈடுகட்ட முடியாது. மேலடுக்கு புதுப்பிக்கப்பட ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். தேங்காய் எண்ணெயும் வெறும் பாட்டி வைத்தியமல்ல: பிலிப்பைன்ஸில் லேசான, நடுத்தரக் கரப்பானுள்ள 117 குழந்தைகளிடம் நடந்த 2014 ஆய்வில், உருக்குத் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. இறால் உரிக்கும்போது பருத்தி உறைமேல் ரப்பர் கையுறை உதவும். சேற்றில் தடவுவதற்கு அது ஆகாது. அங்கே விரலுணர்வுதான் பிழைப்பு. நிலத்தடி நீரும் கரிக்கும் கரையோர ஊர்களில் கையலச நல்ல தண்ணீர் கிடைப்பதே சிகிச்சையில் பாதி.

‘நிரந்தரக் குணம்’ என்று விற்கப்படும் எதையும் நம்ப வேண்டியதில்லை. கரப்பானை அடக்கலாம், வேரோடு பிடுங்க முடியாது. சரியான அளவில், மருத்துவர் சொன்ன நாட்களுக்குத் தடவும் ஸ்டீராய்டு களிம்பு அழற்சியை நன்றாகவே தணிக்கும். கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும். அரிப்பு கரப்பானாக இல்லாமல் படையாக இருந்தால், அது அடங்கியதுபோல் காட்டிப் பரவும். இத்தகைய 14 களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் அறிவித்தது. விளிம்பு தடித்து வட்டமாகப் பரவினால் படை. இரவில் வீட்டிலுள்ள எல்லோருக்கும் அரித்தால் சிரங்கு. இரண்டுக்கும் மருந்து வேறு. வெடிப்பில் மஞ்சள் பொருக்கோ சீழோ தெரிந்தால் கிருமி நுழைந்துவிட்டது. எண்ணெயை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.