கார் ஏன் திணறுகிறது?

சந்திப்பில் பச்சை விளக்கு எரிகிறது. ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மெல்ல மிதிக்கிறார். கார் சிறிது நகர்ந்து, ஒரு கணம் திணறி, பிறகு திடீரென்று துள்ளிப் பாய்கிறது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தால் அந்த ஒரு கணமே விபத்துக்குப் போதும். ஆனால் பட்டறைக்குக் கொண்டுபோனால் வண்டி சமர்த்தாக ஓடுகிறது! இத்தகைய திணறலுக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றை நீங்கள் வகுப்பில் படிக்கும் ஓம் விதியைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

பெட்ரோல் எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்துவது திராட்டில் எனப்படும் வட்டத் தகடு. அது எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை எஞ்சினின் கணிப்பொறிக்கு ஓயாமல் தெரிவிப்பது, தகட்டின் அச்சில் பொருத்திய நிலை உணர்வி. பல கார்களில் இது பழைய வானொலிப் பெட்டியின் ஒலிக்குமிழைப் போன்றதே. வில் வடிவமான ஒரு கரித்தடம். அதன் இரு முனைகளுக்கிடையே 5 வோல்ட். தடத்தின்மீது வழுக்கிச் செல்லும் ஓர் உலோகத் தொடுமுனை. தகடு மூடியிருக்கையில் தொடுமுனையில் சுமார் 0.5 வோல்ட்டும், முழுதும் திறந்திருக்கையில் சுமார் 4.5 வோல்ட்டும் கிடைக்கும்.

மின்தடையை மட்டும் அளப்பதானால் இரண்டு கம்பிகள் போதுமே, மூன்று எதற்கு? எஞ்சின் சூடேறினால் கரித்தடத்தின் மின்தடையும் மாறும். தடம் முழுவதும் 4000 ஓம், தொடுமுனைக்கும் எர்த் முனைக்கும் இடையே 1000 ஓம் என்று கொள்வோம். தொடுமுனையில் 1.25 வோல்ட் இருக்கும். மின்தடைகள் 4400, 1100 என்று மாறினாலும் விகிதம் மாறாததால் அதே 1.25 வோல்ட்தான்! இந்த எளிய உபாயம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

0 முதல் 5 வரை முழுவதையும் பயன்படுத்தாததற்கும் காரணம் உண்டு. 5 வோல்ட் தரும் கம்பி அறுந்தால் எந்த நிலையிலும் 0 வோல்ட்தான். எர்த் கம்பி அறுந்தால் தடத்தில் மின்னோட்டமே இல்லை. ஆகவே மின்னழுத்த வீழ்ச்சியும் இல்லை. எங்கு தொட்டாலும் ஏறத்தாழ 5 வோல்ட். இந்த இரண்டு எண்களும் நல்ல உணர்வியிலிருந்து வரவே முடியாதவை. எனவே கணிப்பொறி உடனே எச்சரிக்கை விளக்கை ஏற்றிவிடும். இந்நிலையில் கம்பிகளைச் சோதிக்காமல் உணர்வியை மாற்றுவது வீண் செலவு.

தேய்மானம்தான் தந்திரக்காரக் கோளாறு. நகரத்தில் ஓடும் கார் பெரும்பாலும் திராட்டிலைச் சிறிதளவே திறக்கிறது. ஆகவே தடத்தின் ஆரம்பப் பகுதியிலேயே தொடுமுனை ஆயிரக்கணக்கான முறை உராய்ந்து கரிப்பூச்சு தேய்கிறது. அந்த இடத்தைக் கடக்கும்போது தொடர்பு கணநேரம் அறுபடும். வானொலிக் குமிழைத் திருகும்போது கேட்கும் கரகரப்பும் இதே கதைதான். திறந்துகொண்டிருக்கும் தகடு மூடிவிட்டதாகக் கணிப்பொறி எண்ணி, பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது.

சோதனை எளிது. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, வோல்ட்மீட்டரைத் தொடுமுனைக் கம்பிக்கும் உணர்வியின் எர்த் கம்பிக்கும் இடையே இணைத்து, மிதியை மிக மெதுவாக அழுத்த வேண்டும். வாசிப்பு சீராக ஏறினால் நல்லது. எங்காவது சட்டென்று விழுந்து எழுந்தால் அந்த இடம் தேய்ந்திருக்கிறது. இதற்கு எண்காட்டும் மீட்டரைவிட முள் உள்ள பழைய மீட்டரே சிறந்தது என்பேன். எண்காட்டி ஒரு விநாடிக்குச் சில முறையே புதிய எண்ணைக் காட்டுவதால் நொடிப்பொழுதுச் சரிவைத் தவறவிடக்கூடும். முள்ளோ துடித்துக் காட்டிவிடும். அலைநோக்கி இருந்தால் இன்னும் தெளிவு.

ஆக்சிலேட்டரின் கேபிளுக்குப் பதில் மின்மோட்டார் தகட்டைத் திருப்பும் புதிய கார்களில் விரலால் தகட்டைத் தள்ளிப் பார்க்கக் கூடாது; அது திடீரென்று திரும்பி விரலை நசுக்கிவிடும். அவற்றில் இரண்டு உணர்விகள் இருக்கும். சிலவற்றில் ஒன்றின் மின்னழுத்தம் ஏற ஏற மற்றொன்றினுடையது இறங்கும்; இரண்டையும் கூட்டினால் எப்போதும் 5 வோல்ட். கூட்டுத்தொகை பிசகினால் கணிப்பொறி இரண்டையும் நம்பாமல், எஞ்சினின் வேகத்தைக் கட்டுக்குள் வைத்து, வண்டியை மெல்ல வீடு சேர மட்டும் அனுமதிக்கும்.