30 தேர்தல், 30 வெற்றி: டெட்ராய்ட் புறநகரின் எம்.பி.யைத் தெரியுமா?

29 வயதில் எம்.பி. ஆகி, 88 வயதில்தான் ஒருவர் இடத்தைக் காலி செய்தார் என்றால் நம்புவீர்களா? அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஜான் டிங்கல் அதைத்தான் செய்தார்! 1955 டிசம்பரில் உள்ளே போனவர் 2015 ஜனவரியில் வெளியே வந்தார். மொத்தம் 59 ஆண்டு, 21 நாள். அந்த நாட்டு நாடாளுமன்ற வரலாற்றில் இத்தனை காலம் இருந்தவர் வேறு எவரும் இல்லை. ஐசனோவர் முதல் ஒபாமா வரை 11 அதிபர்களைப் பார்த்துவிட்டார். அந்தச் சபைக்குப் பதவிக்காலம் இரண்டே ஆண்டுதான். ஆக, 30 முறை மக்கள் முன்னால் போய் நின்று, 30 முறையும் ஜெயித்திருக்கிறார்!

இவரது ஊர், மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட்டை ஒட்டிய டியர்போர்ன். ஃபோர்டு கம்பெனியின் தலைமையகம் இருக்கும் அதே டியர்போர்ன்தான்.

எம்.பி. ஆவதற்கு முன்பே சபைக்குள் இவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? உறுப்பினர்களுக்குத் தாள் எடுத்துக் கொடுத்து, சேதி சொல்லி ஓடும் ஏவல் பையன் வேலை! பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று, அதிபர் ரூஸ்வெல்ட் சபையில் பேசியபோது 15 வயதுப் பையனாக அங்கே இருந்தார். ஒரு வானொலிக்காரரின் ஒலிப்பதிவைக் கவனித்துக்கொள்வது அன்றைய வேலை. அதிபர் பேசி முடித்ததும் பதிவை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். பையன் நிறுத்தவிடவில்லை! அதனால்தான் அதன் பிறகு நடந்த விவாதமும் ஒலிப்பதிவில் தங்கியது.

அப்பாவும் எம்.பி. எல்லோருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று 1943இல் மசோதா கொண்டுவந்த மூவரில் அவரும் ஒருவர். மசோதா தேறவில்லை. 1955இல் அவர் இறந்ததும் மகன் அந்த இடத்துக்கு வந்தார். வாரிசு அரசியல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அப்பாவின் மசோதாவையும் கையோடு கொண்டுவந்தார். ஒவ்வொரு புதிய சபை கூடும்போதும் அதை மறுபடி தாக்கல் செய்தார். தோற்றது. மறுபடி தாக்கல் செய்தார்! 1965இல் முதியோருக்கான மெடிகேர் திட்டம் சபையில் நிறைவேறிய நாளில் தலைமை நாற்காலியில் இருந்தவர் இவர்தான். அன்று மேசையில் தட்டிய மரச் சுத்தியலைப் பத்திரமாக வைத்திருந்தார். 45 ஆண்டு கழித்து, 2010 மார்ச்சில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியபோது, சபாநாயகர் நான்சி பெலோசி கையில் இருந்தது அதே சுத்தியல்!

அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியமான சிற்பியும் டிங்கல்தான். அந்தச் சட்டத்தின் பலம் தெரியுமா? 'ஸ்நெயில் டார்ட்டர்' என்ற விரல்நீள மீனுக்காக, ஏறக்குறைய கட்டி முடித்த டெல்லிகோ அணையை 1978இல் உச்ச நீதிமன்றமே நிறுத்தி வைத்தது! (பிறகு தனி விலக்குக் கொடுத்து அணையை முடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.) இத்தனைக்கும் ஆள் தீவிர வேட்டைக்காரர்.

இன்னொரு முகமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கார் புகைக்குக் கடுமையான வரம்பு வைக்கலாம் என்று யாராவது எழுந்தால், குறுக்கே நிற்கும் முதல் ஆள் இவர். தொகுதி நிறையக் கார்த் தொழிலாளர்கள் ஆயிற்றே! எரிசக்தி, வணிகக் குழுவின் தலைவராக இருந்தபோது, "உங்கள் குழுவின் எல்லை எதுவரை?" என்று கேட்டால், பூமிப் பந்தின் படத்தைக் காட்டுவாராம். அரசுத் துறைகளிடம் விளக்கம் கேட்டு இவர் அனுப்பும் கடிதங்களுக்கு 'டிங்கல்கிராம்' என்றே பெயர் விழுந்தது. கடைசியில் 2008இல் சொந்தக் கட்சியின் ஹென்றி வாக்ஸ்மன் 137–122 என்ற வாக்குக் கணக்கில் அந்தப் பதவியைப் பறித்தார். காற்றுக்கு அது நல்லதுதான் என்பேன்.

88 வயதில் ட்விட்டரில் குறும்பு செய்து இளைஞர்களைக் கவர்ந்ததையும் சொல்ல வேண்டும். கர்தாஷியன் என்றால் என்ன என்று உதவியாளர்கள் விளக்கிய பிறகு தனக்குக் கேள்விகள்தான் இன்னும் கூடிவிட்டதாக எழுதினார், ஊரே சிரித்தது! 2019 பிப்ரவரி 7 அன்று, 92 வயதில் இறந்தார். கடைசி நாளிலும் படுக்கையில் இருந்தபடி மனைவியிடம் சொல்லச் சொல்ல ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதவைத்தார்.

அந்த மனைவி டெபி டிங்கல் யார் தெரியுமா? கணவர் விட்ட இடத்தில் ஜெயித்து, 2015இல் சபைக்கு வந்த எம்.பி.! அப்பா, மகன், மருமகள் என்று 1933 முதல் அந்தக் குடும்பம் சபையில் இருக்கிறது. அப்பா இறந்தபின் இடைத்தேர்தல் நடக்கும்வரை இருந்த சுமார் மூன்று மாதம் மட்டுமே இடைவெளி.