மாத்திரை கிளப்பும் ஆசை

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை தொடங்கியதும் கை நடுக்கம் குறைகிறது, நடை தேறுகிறது, வீட்டுக்கே உயிர் வருகிறது. அதற்கப்புறம் ஒருநாள், பத்து ரூபாய்க்கும் கணக்குப் பார்த்த மனிதர் நடுராத்திரியில் போனில் ரம்மி ஆடிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் வேண்டாததையெல்லாம் வாங்கிக் குவிக்கிறார். சிலருக்குத் தின்று அடங்காத பசி. சிலருக்குக் காம இச்சை கட்டுக்கடங்குவதில்லை. அந்த வீட்டம்மா யாரிடம் போய்ச் சொல்வார், பாவம்!

இது குணக்கேடு இல்லை. இந்த நோயில் மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிகின்றன. உடல் அசைவைக் கவனிக்கும் பகுதியில்தான் பஞ்சம் அதிகம். ஆசையையும் இன்பத்தையும் கவனிக்கும் பகுதி ஆரம்பத்தில் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. காய்ந்த வயலுக்குத் திறந்துவிட்ட தண்ணீர், ஈரமாகவே இருந்த பக்கத்து வயலை மூழ்கடிக்கிற கதைதான். பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போல டோபமைனின் வேலையைத் தாமே செய்யும் மருந்துகளில் இந்த ஆபத்து கூடுதல். அமெரிக்கா, கனடாவில் 3,090 நோயாளிகளிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், இவ்வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு இப்படி அடக்க முடியாத பழக்கம் ஏதாவது ஒன்று இருந்தது. எடுக்காதவர்களில் 6.9 சதவீதம்.

இன்னொன்றும் உண்டு, அதை யாரும் நோயென்றே நினைப்பதில்லை. பழைய ரேடியோவைக் கழற்றி, திருகாணிகளை அளவுவாரியாக அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்குவார். சாப்பிடக் கூப்பிட்டால் கோபம் வரும். விடிந்தாலும் ரேடியோ பாடாது. இதற்கு 'பண்டிங்' என்று பெயர். டோபமைன் மருந்து அளவுக்கு மிஞ்சும்போது வருவது.

இள வயதிலேயே நோய் வந்தவர்கள், முன்பே சூதாட்டப் பழக்கம் இருந்தவர்கள், குடும்பத்தில் குடிப்பழக்கம் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நோயாளிக்குத் தன் மாற்றம் தெரியாமலே போகலாம், தெரிந்தாலும் மறைப்பார். ஆகவே கூட இருப்பவர்தான் பேச வேண்டும். மருந்து எழுதும்போதே டாக்டரும் இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பேன்.

ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று விட்டால் பதற்றம், மனச்சோர்வு, உடல்வலி என்று வேறு அவதி வரும். சில மருந்துகளில் உயிருக்கே ஆபத்து. நரம்பியல் டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்தோ மருந்தை மாற்றியோ தந்தால் பெரும்பாலோருக்கு அந்த ஆசை தணிகிறது. அடுத்த முறை போகும்போது, வெட்கப்படாமல் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள்.